படிநிலைத் தரவுத்தளத்தில் தகவலை அடுக்குவது எப்படி? முதல் மரத்தை வரையப் போகிறவர்களுக்கு

ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு தாய். ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளைகளும் இருக்கலாம். படிநிலைத் தரவுத்தளத்தின் அடிப்படைச் சட்டம் இவ்வளவுதான். உச்சியில் தாய் இல்லாத ஒன்று இருக்கும். அதை வேர் என்கிறோம். மற்ற எல்லாம் அதன் கீழே கிளையாகப் பிரியும். கணினியில் கோப்புறைக்குள் கோப்புறை வைத்துப் பழகியவர் யாராக இருந்தாலும் இந்த அமைப்பை ஏற்கெனவே கையாண்டவர்தான்.

சட்டம் எளிது, அதன் விளைவுகள்தான் எளிதல்ல. எந்தத் தகவலை எதன் கீழ் வைக்கிறீர்கள் என்பதிலேயே, நாளை எந்தக் கேள்விக்கு உடனே பதில் வரும், எந்தக் கேள்விக்கு முழு மரத்தையும் அலச வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. அதனால் இங்கே மென்பொருளைவிட மரத்தை வரையும் வேலையைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

இந்த வகையில் மிகவும் பெயர்பெற்றது ஐபிஎம் நிறுவனத்தின் ஐஎம்எஸ் என்ற தரவுத்தள மென்பொருள். நிலவுக்கு ஆளை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தில், சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உதிரிபாகப் பட்டியலைக் கையாளப் பிறந்தது அது. 1966இல் வேலை தொடங்கியது; ராக்வெல், கேட்டர்பில்லர் நிறுவனத்தாரும் ஐபிஎம் குழுவோடு சேர்ந்து உழைத்தார்கள். 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிபோர்னியாவின் டவுனியில், 'ஐஎம்எஸ் ரெடி' என்ற செய்தி முதன்முதலாக முனையத்தில் தெரிந்தது. ராக்கெட்டுக்குள் இயந்திரம், அதற்குள் பம்ப், பம்புக்குள் வால்வு என்று அந்தப் பட்டியலே மரமாகத்தான் இருந்தது. தகவல் தானாகவே மரமாக இருக்கும் இடத்தில் இந்த முறை அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும். இன்றும் பெரிய வங்கிகளின் பரிவர்த்தனைகளை ஐஎம்எஸ் சுமந்துகொண்டிருக்கிறது.

கட்டுரை முழுவதற்கும் ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். நூல்கள் இருக்கின்றன, ஒவ்வொரு நூலுக்கும் பல படிகள் (அதாவது பிரதிகள்), உறுப்பினர்கள், இரவல்கள். பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும், மரத்தில் வரும் முக்கியச் சிக்கல்கள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

முதல் படி: கேள்விகளை எழுதுங்கள்

கணினியைத் தொட வேண்டாம். ஒரு தாளில், இந்தத் தரவுத்தளத்திடம் என்னென்ன கேட்கப் போகிறார்கள் என்று எழுதுங்கள். பக்கத்தில், ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கப்படும் என்று தோராயமாகக் குறியுங்கள்.

இந்த நூலின் எத்தனை படிகள் கைவசம் உள்ளன? திரும்பி வந்த இந்தப் படி யாரிடம் இருந்தது? இந்த உறுப்பினரிடம் இப்போது என்னென்ன நூல்கள் இருக்கின்றன? இந்த ஆசிரியர் எழுதியவை எவை? எந்தப் படிகள் பழுது பார்க்கப் போயிருக்கின்றன?

ஒவ்வொரு கேள்வியிலும், கேட்பவர் கையில் முதலில் இருப்பது எது என்பதை அடிக்கோடிடுங்கள். ஒன்றில் நூல், ஒன்றில் படி, ஒன்றில் உறுப்பினர். இந்த அடிக்கோடுகள்தான் அடுத்த படிக்கு மூலப்பொருள்.

இந்த வேலையைத் தாண்டிப் போய்விடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். அதே ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், 1970இல் தகவலை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புமுறைத் தரவுத்தளத்தை முன்மொழிந்தபோது, மர அமைப்புகளின் மீது வைத்த குறைகளில் ஒன்று இது: தகவலுக்குப் போகும் பாதை நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடுகிறது, மரம் மாறினால் நிரல் உடைகிறது. அந்தக் குறை நியாயமானது. பாதையை முன்கூட்டியே போட்டுவிடுவதால்தான் மரம் வேகமாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் பின்னால் மாற்றுவது கடினமாகவும் இருக்கிறது. ஆகவே பாதையை யோசித்துப் போட வேண்டும்.

இரண்டாம் படி: வேரைத் தேர்ந்தெடுங்கள்

அதிகமான கேள்விகள் எதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகின்றனவோ, அது வேராக வேண்டும். நம் நூலகத்தில் நூல், உறுப்பினர் இரண்டும் போட்டிக்கு வரும்.

புதியவர்கள் பலர் இங்கே 'நூலகம்' என்பதையே வேராக வைத்து, அதன் கீழ் நூல்கள், உறுப்பினர்கள் என்று இரண்டு கிளைகள் விடுவார்கள். காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் நூலகம் ஒன்றுதான். ஒரே வேரின் கீழ் ஐம்பதாயிரம் நூல்கள் தொங்கும். ஐஎம்எஸ் போன்ற அமைப்புகளில் நேரடியாகத் தாவிப் போகும் வசதி முதன்மையாக வேருக்குத்தான். வேரை அடைந்த பிறகு பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராகச் சங்கிலி பிடித்துப் போக வேண்டும். ஐம்பதாயிரம் கண்ணிகள் கொண்ட சங்கிலியில் நாற்பதாயிரமாவது நூலைத் தேடுவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வேர்கள் நிறைய இருக்கட்டும், ஒவ்வொரு வேரின் கீழும் பிள்ளைகள் கொஞ்சமாக இருக்கட்டும். நூல் ஒரு மரம். உறுப்பினர் தனி மரம், தனித் தரவுத்தளம்.

வேருக்குத் திறவுகோல் வேண்டும், அதாவது அதைத் தனித்து அடையாளம் காட்டும் ஓர் எண். இரண்டு நூல்களுக்கு ஒன்றாக இருக்கக் கூடாது, எந்தக் காலத்திலும் மாறக் கூடாது. உடனே, பதிப்பகங்கள் நூல்களில் அச்சிடும் ஐஎஸ்பிஎன் எண் நினைவுக்கு வரும். அது பன்னாட்டுத் தரமானதே 1970இல்தான். அதற்கு முந்தைய நூல்கள் பலவற்றுக்கு அந்த எண்ணே கிடையாது. 2007இல் அது 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கமாகவும் மாறியது. வெளியார் தரும் எண்ணைத் திறவுகோலாக்கினால், அவர்கள் மாற்றும்போது நீங்களும் மாற வேண்டியிருக்கும். நூலகமே ஒரு வரிசை எண் கொடுத்து அதைத் திறவுகோலாக வைத்துக்கொள்வதே நல்லது. ஐஎஸ்பிஎன் ஒரு சாதாரணப் புலமாக, அதாவது பதிவுக்குள் இருக்கும் ஒரு விவரமாக, உள்ளே இருக்கட்டும்.

மூன்றாம் படி: யார் யாருக்குப் பிள்ளை?

மரத்தில் இருக்கும் ஒவ்வொரு வகைத் தகவலையும் ஐஎம்எஸ்காரர்கள் செக்மென்ட் என்பார்கள். நூல் ஒரு செக்மென்ட், படி ஒரு செக்மென்ட். ஒன்றை இன்னொன்றின் கீழ் வைக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

தாய் இல்லாமல் பிள்ளைக்கு அர்த்தம் உண்டா? நூலே இல்லாமல் அதன் மூன்றாம் படி என்று ஒன்று கிடையாது. சரி, படி நூலின் பிள்ளைதான்.

தாயை நீக்கினால் பிள்ளையும் போகலாமா? மரத்தில் ஒரு செக்மென்ட்டை நீக்கினால் அதன் கீழே இருப்பது எல்லாமே சேர்ந்து போகும். எச்சரிக்கை கேட்டு நிற்காது. நூலை நீக்கினால் படிகள் போவது சரி. ஆனால் படிகளின் கீழ் இருக்கும் இரவல் வரலாறும் போகுமே! ஆண்டறிக்கைக்கு அது தேவை என்றால், நீக்குவதற்கு முன் அதை வேறு இடத்தில் எழுதிவைக்கும் வழியை இப்போதே திட்டமிட வேண்டும்.

பிள்ளை எப்போதாவது தாயை மாற்றிக்கொள்ளுமா? இந்த மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நிறுவனங்கள் தம் ஆட்களின் விவரங்களை மரமாக வைக்கும் எல்டாப் அடைவுகளில் இது அடிக்கடி நடக்கும் தவறு. ஊழியர்களைத் துறைவாரியாகப் பிரித்து, துறையின் கீழ் ஆளை வைப்பார்கள். அங்கே ஒருவருடைய முழுப் பெயர் என்பதே வேரிலிருந்து அவர்வரை போகும் பாதைதான். அவர் வேறு துறைக்கு மாறினால் பெயரே மாறிவிடும். அந்தப் பெயரைக் குறித்துவைத்திருக்கும் அனுமதிகள், குழுக்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். ஆட்களை எல்லாம் ஒரே மட்டத்தில் வைத்து, துறையை ஒரு புலமாக எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நூலகத்தில் இதற்கு இணையானது அலமாரி. அலமாரியின் கீழ் படியை வைக்கத் தோன்றும். ஆனால் படிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மாறக்கூடியது புலமாக இருக்க வேண்டும்.

இந்த மூன்றையும் கடந்த பிறகு நம் மரம் இப்படி நிற்கிறது. ஒரு நூலின் பதிவை உதாரணமாக எழுதியிருக்கிறேன்:

நூல் 4417
— ஆசிரியர் 1
— ஆசிரியர் 2
— படி 1
—— இரவல்
—— பழுது
— படி 2
— முன்பதிவு

ஐஎம்எஸ் ஒரு தரவுத்தளத்தில் 255 வகைச் செக்மென்ட்டுகளையும் 15 மட்டங்களையும் அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக ஆழமாகப் போக வேண்டாம். நான்கைந்து மட்டங்களைத் தாண்டினால், எங்கோ ஒரு புலத்தைச் செக்மென்ட்டாக ஆக்கிவிட்டீர்களா என்று திரும்பிப் பாருங்கள்.

நான்காம் படி: வரிசையும் ஒரு முடிவுதான்

மேலே எழுதிய பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அப்படியே படியுங்கள். தரவுத்தளமும் இதே வரிசையில்தான் படிக்கும்: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். ஒரு கிளையை நுனிவரை முடித்துவிட்டுத்தான் அடுத்த கிளை. படி 1, அதன் இரவல், அதன் பழுது, அதற்கு அப்புறம்தான் படி 2.

தரவை முதலில் ஏற்றும்போது இந்த வரிசையிலேயே வட்டில் எழுதப்படும். ஆகவே அடிக்கடி தேவைப்படும் வகைகளை இடப்பக்கம் வைத்தால், தாயை எடுக்கும்போதே அவையும் சேர்ந்து நினைவகத்துக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம். நூலின் நீண்ட சுருக்கக் குறிப்பு இருக்கிறதா? அதை நூல் செக்மென்ட்டுக்குள் திணிக்காமல், தனிச் செக்மென்ட்டாக வலக்கோடியில் வையுங்கள். எப்போதோ ஒருமுறை படிப்பது, எப்போதும் தேவைப்படுவதன் இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே தாயின் கீழ் ஒரே வகையில் பல பிள்ளைகள் இருந்தால் அவற்றை இரட்டையர் என்பார்கள். இரண்டுக்கு மேல் இருந்தாலும் பெயர் அதுதான். இரட்டையர்களின் வரிசையையும் நீங்களே முடிவு செய்யலாம். இரவல்களில் கடைசியாக நடந்ததுதான் பெரும்பாலும் தேவை. அதை முன்னால் வைத்தால் முதல் எட்டிலேயே கிடைக்கும். பழையதை முன்னால் வைத்தால் ஒவ்வொரு முறையும் சங்கிலியின் கோடிவரை நடக்க வேண்டும். சின்ன முடிவு, ஆனால் தினமும் பலன் தருவது.

ஐந்தாம் படி: இரண்டு தாய் கேட்கும் பிள்ளை

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். இரவல் என்பது ஒரு படிக்கும் ஓர் உறுப்பினருக்கும் இடையில் நடப்பது. படியிடமிருந்து கேட்டால், 'இது யாரிடம் இருக்கிறது?' உறுப்பினரிடமிருந்து கேட்டால், 'இவரிடம் எவை இருக்கின்றன?' இரண்டு பக்கமும் உரிமை கேட்கிறது. சட்டமோ ஒரே தாய் என்கிறது.

முதலில் தோன்றும் வழி, இரண்டு மரங்களிலும் இரவலை எழுதிவிடுவது. எழுதலாம். ஆனால் ஒவ்வொரு முறை இரவல் கொடுக்கும்போதும், திரும்பப் பெறும்போதும் இரண்டு இடத்திலும் தவறாமல் திருத்த வேண்டும். ஓர் இடத்தில் எழுதி முடித்து, மறு இடத்தில் எழுதும் முன் நிரல் நின்றுபோனால், திருப்பிக் கொடுத்த நூலுக்கு உறுப்பினர் பெயரில் அபராதம் ஏறிக்கொண்டிருக்கும். தவறு செய்யாத ஒரு மனிதர் கவுண்டரில் நின்று வாதாட வேண்டியிருக்கும். தரவை ஒழுங்காக வைப்பதில் இவ்வளவு அக்கறை தேவைப்படுவது இதனால்தான்.

இரண்டாவது வழி, இரவலை ஓர் இடத்தில் மட்டும் வைத்து, மறுபக்கத்தைச் சுட்டியால், அதாவது அது இருக்கும் இடத்தைக் காட்டும் குறியால், இணைப்பது. ஐஎம்எஸ் இதைத் தர்க்க உறவு என்கிறது. இரவலுக்கு உண்மையான தாய் ஒருவர். தர்க்கத் தாய் இன்னொருவர். இரவல் செக்மென்ட்டின் தொடக்கத்திலேயே தர்க்கத் தாயின் முழுத் திறவுகோல் இருக்கும். உறுப்பினர் மரத்திலிருந்தும் அந்த இரவலை அடையும்படி உறவை இருவழியாகவும் அமைக்கலாம்.

சரி, உண்மையான தாய் யார்? கவுண்டரில் நடப்பதை மனதில் ஓட்டிப் பாருங்கள். நூலைத் திருப்பித் தரும்போது ஊழியர் கையில் இருப்பது படி மட்டும்தான். உறுப்பினர் அட்டையைக் காட்டத் தேவையில்லை. நூலைப் பெட்டியில் போட்டுவிட்டுக்கூடப் போயிருப்பார். அப்படியானால் படியிலிருந்து இரவலை எட்டுவதுதான் மிக வேகமாக இருக்க வேண்டும். ஆகவே இரவல் படியின் கீழே, உறுப்பினர் தர்க்கத் தாய்.

மூன்றாவது வழி, உறுப்பினர் எண்ணைக் கொண்டு, நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல ஒரு துணை அட்டவணை அமைப்பது. உறுப்பினர் பக்கத்திலிருந்து வெறும் தேடல் மட்டுமே வேண்டும் என்றால் இதுவே போதும். ஆசிரியருக்கும் இதே மருந்துதான்: ஆசிரியர் பெயர் ஒவ்வொரு நூலின் கீழும் தனித்தனியாக இருப்பதால், 'இவர் எழுதியவை எவை?' என்ற கேள்விக்கு மரம் மட்டும் உதவாது. ஆசிரியர் பெயர் மீது ஒரு துணை அட்டவணை போட்டால் அங்கிருந்து நேரே நூலுக்குப் போகலாம். ஆசிரியரின் பிறந்த ஆண்டு, குறிப்பு என்று நிறைய வைக்கத் தொடங்கினால் மட்டும் அவருக்குத் தனி மரம் தேவைப்படும். இல்லாவிட்டால் ஒரே குறிப்பை இருபது நூல்களின் கீழ் இருபது முறை திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஆறாம் படி: வேரை எட்டும் வழி

ஐஎம்எஸ்ஸில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். எச்டிஏஎம் முறையில், திறவுகோலை ஒரு கணக்கில் போட்டு, வேர் இருக்கும் இடத்தை அமைப்பு நேரடியாகக் கண்டுபிடிக்கும். வேகம் அதிகம், ஆனால் பொதுவாக நூல்களை எண் வரிசையில் பட்டியலிட முடியாது. எச்ஐடிஏஎம் முறையில் திறவுகோல் அட்டவணை ஒன்று இருக்கும். தேடலுக்கு ஓர் எட்டு அதிகம், ஆனால் வரிசைப் பட்டியலும் கிடைக்கும். வரிசை வேண்டுமா வேண்டாமா என்று உறுதியாகத் தெரியாத புதியவர் எச்ஐடிஏஎம் எடுப்பதே பாதுகாப்பு.

ஏழாம் படி: கையால் நடந்து பாருங்கள்

பத்து இருபது மாதிரிப் பதிவுகளைத் தாளில் எழுதி, முதல் படியில் எழுதிய ஒவ்வொரு கேள்விக்கும் விரலால் நடந்து பதில் தேடுங்கள். ஐஎம்எஸ் நிரலில் இந்த நடைக்குச் சில கட்டளைகள் உண்டு. ஜியு குறிப்பிட்ட ஒன்றைப் பிடிக்கும். ஜிஎன் அடுத்ததற்குப் போகும். ஜிஎன்பி இதே தாயின் எல்லைக்குள் அடுத்ததற்குப் போகும்.

கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். நூல் 4417இன் படிகளை எண்ண வேண்டும் என்று ஜிஎன் போட்டுச் சுற்றினால், அந்த நூலின் படிகள் முடிந்ததும் அது நிற்காது. அடுத்த நூலின் படிக்குள் நுழைந்து எண்ணிக்கொண்டே போகும். ஜிஎன்பி போட்டால் எல்லையில் 'ஜிஇ' என்ற நிலைக்குறியீட்டோடு நின்றுவிடும். ஒரு செக்மென்ட்டைத் திருத்தவோ நீக்கவோ போகிறீர்கள் என்றால், முதலில் ஜிஎச்யு போன்ற 'பிடித்துவைக்கும்' கட்டளையால் அதை எடுக்க வேண்டும்.

சேர்ப்பதையும் நடந்து பாருங்கள். ஒரு படி வந்துவிட்டது, நூல் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. தாய் இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க முடியாது. 'பட்டியலிடாதவை' என்று ஒரு போலி வேர் வைத்து எல்லாவற்றையும் அதன் கீழ் போடும் வழக்கம் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அந்தச் சங்கிலி நீண்டுகொண்டே போகும், ஒருவரும் அதைத் துப்புரவு செய்ய மாட்டார்கள். நூல் எண்ணும் தலைப்பும் மட்டும் போட்டு வேரை முதலில் உருவாக்குங்கள். மீதிப் புலங்கள் பிறகு நிரம்பட்டும்.

ஐஎம்எஸ் இல்லாமல் மரம் அமைப்பவர்களுக்கு

மேலே சொன்ன கேள்விகள் எந்த மரத்துக்கும் பொருந்தும். தகவலை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதும் ஜேசன் வடிவ ஆவணங்களாகச் சேமிக்கும் தரவுத்தளத்தில், பிள்ளையைத் தாயின் உள்ளேயே வைப்பதா, தனியே வைத்துச் சுட்டுவதா என்பதும் ஐந்தாம் படியின் அதே சிக்கல்தான். அங்கே முடிவில்லாமல் வளரும் பிள்ளைகளை உள்ளே வைக்காதீர்கள். அவ்வகைத் தரவுத்தளமான மாங்கோடிபியில் ஓர் ஆவணம் 16 எம்பி அளவைத் தாண்ட முடியாது.

தொடர்புமுறைத் தரவுத்தளங்களின் வினவல் மொழியான எஸ்க்யூஎல் கொண்டு அட்டவணையில் மரம் வைப்பவர்களுக்கு, ஒவ்வொரு வரியிலும் தாயைக் குறிக்க 'தாய் எண்' என்று ஒரு நெடுவரிசையைச் சேர்ப்பதே எளிய வழி. கிளையை இடம் மாற்ற ஒரே ஒரு எண்ணைத் திருத்தினால் போதும். ஒரு கிளை முழுவதையும் எடுக்க, 1999ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரத்தில் சேர்ந்த தன்னையே அழைக்கும் வினவல் உதவும். இன்னொரு வழி, வேரிலிருந்து வரும் முழுப் பாதையையும் ஒவ்வொரு வரியிலும் எழுதிவைப்பது. படிக்க வேகம், கிளை இடம் மாறினால் அதன் கீழுள்ள எல்லா வரிகளையும் திருத்த வேண்டும். முதல் வழியில் ஓர் ஆபத்தும் உண்டு: அ-வின் தாய் ஆ, ஆ-வின் தாய் அ என்று யாராவது எழுதிவிட்டால் மரம் வட்டமாகிவிடும், வினவல் சுற்றிக்கொண்டே இருக்கும். இடம் மாற்றும் நிரலில் அதற்கு ஒரு தடுப்பு வையுங்கள்.

தரவை ஏற்றிய பிறகு

சேர்ப்பும் நீக்கமும் நடக்க நடக்க, பக்கத்தில் இருந்த செக்மென்ட்டுகள் வட்டில் சிதறிப் போகும். அவ்வப்போது முழுவதையும் இறக்கி, வரிசைப்படி மீண்டும் ஏற்ற வேண்டும். இதற்கான நேரத்தை வேலைத் திட்டத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

புதிய வகைச் செக்மென்ட் தேவைப்பட்டால், முடிந்தவரை மரத்தின் வலக்கோடியில், கீழே சேருங்கள். நடுவில் செருகினால், வரிசையை நம்பி ஜிஎன் போட்டு நடக்கும் பழைய நிரல்களின் காலடியில் எதிர்பாராத ஒன்று வந்து நிற்கும். எந்த நிரல் எந்தச் செக்மென்ட்டுகளைப் பார்க்கலாம் என்று ஐஎம்எஸ்ஸில் பிஎஸ்பி என்ற விவரணையில் எழுதிவைக்கலாம். ஒவ்வொரு நிரலுக்கும் அதற்குத் தேவையானதை மட்டும் தொடக்கத்திலேயே காட்டிவிட்டால், நாளை நீங்கள் சேர்க்கும் புதிய கிளை பழைய நிரல்களின் கண்ணிலேயே படாது.